சந்தனமா, பாலாடையா?

முன்னொரு காலத்தில் என்று தொடங்கினால், எந்தக் காலத்தில் என்று யாராவது கேட்பீர்கள். எனக்கும் தெரியாது. ராஜாக்கள் சண்டைக்குப் போகாத நாட்களில் மண்டபம் கட்டிக்கொண்டிருந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாட்டின் பெயரும் வேண்டாம். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

அந்த நாட்டை ஆண்டவர் உதயகேசரி மகாராஜா. நல்ல மனிதர்தான். ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். அவருடைய பட்டத்து ராணி செங்கமலவல்லி. அவரும் நல்லவர்தான், அவரும் விடமாட்டார். இப்படி இரண்டு பேர் ஒரே கூரையின் கீழ் இருபது வருடம் மனஸ்தாபம் இல்லாமல் வாழ்ந்ததே பெரிய விஷயம். அந்த இருபது வருடத்தையும் ஒரு சுவர் கெடுத்தது.

அவர்களுடைய ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டாரை உட்காரவைக்க அரண்மனைத் தோட்டத்தில் புதிதாக ஒரு மண்டபம் எழும்பியது. தூண் நிறுத்தியாயிற்று, தளம் போட்டாயிற்று, சாந்து பூசி இழைத்தாயிற்று. சுவருக்கு நிறம் அடிப்பது ஒன்றுதான் பாக்கி.

"சந்தன நிறம்" என்றார் ராஜா.

"பாலாடை நிறம்" என்றார் ராணி.

சிவப்பு, பச்சை என்று சொல்லியிருந்தால்கூடச் சண்டையில் ஒரு நியாயம் இருந்திருக்கும். இவை இரண்டும் வெள்ளையும் இல்லாத மஞ்சளும் இல்லாத நிறங்கள். சுண்ணாம்பில் காவி மண்ணைக் கொஞ்சம் கூடப் போட்டால் சந்தனம், குறையப் போட்டால் பாலாடை. ஆளுக்கொரு பலகையில் தங்கள் நிறத்தைப் பூசி, கொலுமண்டபத்தில் சிம்மாசனத்துக்கு இரண்டு பக்கமும் மாட்டிவைத்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஒன்றை மட்டும் தனியாகக் காட்டி இது எது என்று கேட்டால், சத்தியமாக எனக்குத் தெரியாது.

ராஜா சொன்னார்: "பாலாடை நிறம் நோயாளியின் முகம்போல் வெளிறிக் கிடக்கும். மாப்பிள்ளை வீட்டார் நம் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்பார்கள்."

ராணி சொன்னார்: "சந்தன நிறம் அடித்தால் புகை பிடித்த சமையற்கட்டுபோல் இருக்கும். பெண்ணுக்கு நகை போட்டு நிறுத்தினால் நகை எது, சுவர் எது என்று தேட வேண்டியிருக்கும்."

இரண்டிலும் உண்மை இருந்தது. அதுதான் தொல்லை.

சபையில் இருந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். சந்தனம் என்றால் ராணியின் கோபம், பாலாடை என்றால் ராஜாவின் கோபம். சேனாதிபதியைக் கேட்டார்கள். தான் கூடாரத்தில் வளர்ந்தவன், சுவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றார். ஜோதிடரைக் கேட்டார்கள். இரண்டு நிறத்துக்கும் ஒரே கிரகம்தான் அதிபதி என்று சொல்லிவிட்டுப் பஞ்சாங்கத்தை மூடிக்கொண்டார். வைத்தியருக்கு அன்றைக்கு மட்டும் கண் வலி.

பிரதானி நரசப்பர் மட்டும் உள்ளுக்குள் குதூகலமாக இருந்தார். பிரதானி என்றால் தலைமை மந்திரி. அவருக்குக் கோனேரியைக் கண்டால் ஆகாது. கோனேரி சபையின் விகடகவி. இரண்டு வார்த்தை பேசி ராஜாவைச் சிரிக்கவைத்துவிடுவான். நரசப்பர் இரண்டு நாழிகை பேசினாலும் ராஜா கொட்டாவிதான் விடுவார். இந்த வயிற்றெரிச்சல் அவருக்குப் பல வருடமாக இருந்தது.

"மகாராஜா! சபையில் இத்தனை பேர் இருந்தும் புத்திசாலி என்று பெயர் எடுத்தவர் ஒருவர்தானே?" என்றார் நரசப்பர். "தங்களுக்கும் மகாராணியாருக்கும் ஒருசேரப் பிடித்த நிறத்தைக் கோனேரியிடமே கேட்டால் என்ன?"

ராஜாவுக்கு அன்றைக்கு இருந்த எரிச்சலில் அது சரியென்று பட்டது. ஓலை எழுதும் ராயசக்காரரைக் கூப்பிட்டு, கட்டளையை அங்கேயே எழுதச் சொன்னார்.

"கல்யாண மண்டபத்தின் நான்கு சுவர்களும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். சந்தனத்தையும் பாலாடையையும் கலக்கக் கூடாது. பாதிச் சுவர் அது, பாதிச் சுவர் இது என்றும் இருக்கக் கூடாது. மகாராணி பார்த்து 'இது என் பாலாடை' என்று தம் வாயால் சொல்ல வேண்டும். நாம் பார்த்து 'இது நம் சந்தனம்' என்று நம் வாயால் சொல்ல வேண்டும். தவணை ஏழு நாள். தவறினால், எட்டாம் நாள் பொழுது சாய்வதற்குள் கோனேரி குடும்பத்தோடு நாட்டின் எல்லையைத் தாண்ட வேண்டும்."

கோனேரிக்கு முகம் வெளுத்துவிட்டது. அவன் மனைவி காத்தாயிக்கு நிறைமாதம். பத்து வருடம் கழித்து உண்டான பிள்ளை. வண்டியில் ஏற்றி எல்லைக்கு வெளியே கொண்டுபோனால் எந்த மரத்தடியில் பெறுவாள்? அதை நினைத்ததும் அவனுக்கு நிஜமாகவே பயம் வந்தது. இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"மகாராஜா, ஒரே விண்ணப்பம். மண்டபத்துச் சாவி ஏழு நாளும் அடியேனிடம் இருக்கட்டும். யார் எப்போது வந்து பார்ப்பது என்பதையும் அடியேனே வந்து சொல்கிறேன்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

கோனேரி வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தான். காத்தாயி துருவித் துருவிக் கேட்டு விஷயத்தை வாங்கிவிட்டாள். அழுவாள் என்று பயந்தான். அவள் அழவில்லை. குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

"இதுக்கா சோத்த முன்னாடி வச்சிக்கிட்டு முழிக்கிறீங்க? போன வருசம் தேருக்கு எனக்கு ஒரு சேல எடுத்துட்டு வந்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

"அதுக்கென்ன இப்போ?"

"கடைக்குள்ள பாத்தப்ப தேன் நெறம்னு எடுத்தீங்க. வாசல்ல வந்து வெயில்ல விரிச்சா, அழுக்கு வெள்ள. நான் ஒரு வாரம் உங்ககூடப் பேசல."

"நீ பேசாத வாரம் நல்லா ஞாபகம் இருக்கு."

"கடக்காரன் ஏமாத்திட்டான்னு நீங்க சண்டைக்குப் போனீங்க. திரும்பவும் கடைக்குள்ள கொண்டுபோய்ப் பாத்தா, பழையபடி தேன் நெறம். சேல ஒண்ணுதாங்க. நீங்க நின்ன எடந்தான் வேற."

கோனேரி சோற்றைப் பிசைந்தான். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

சாப்பிட்ட கையோடு, சாந்து பூசிய கொத்தன் முத்திருளனைக் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனான். இரண்டு பலகைகளையும் கொலுமண்டபத்திலிருந்து எடுத்துவந்திருந்தான். மண்டபத்துக்குக் கிழக்கே ஐந்து சன்னல். அவற்றின் எதிரே குளமும், குளத்தைச் சுற்றி வெள்ளையடித்த மதிலும். மேற்கே ஐந்து சன்னல். அந்தப் பக்கம் செங்கல் பாவிய முற்றத்தோடு குதிரை லாயம். முத்திருளன் பலகைகளைச் சுவரில் சாத்தினான். இருவரும் அன்று பொழுது சாயும்வரை பார்த்தார்கள். மறுநாள் விடிந்ததும் வந்து மறுபடி பார்த்தார்கள்.

காலையில் கிழக்குச் சன்னல்கள் மட்டும் திறந்திருக்கும்போது, குளத்து நீரும் வெள்ளை மதிலும் திருப்பி அனுப்பிய வெளிச்சத்தில் சந்தனப் பலகை வெளுத்துப் பாலாடையாகத் தெரிந்தது. மாலையில் மேற்குச் சன்னல்கள் மட்டும் திறந்திருக்கும்போது, வெயில் செங்கல்லில் பட்டு வந்து பாலாடைப் பலகையைச் சந்தனமாக்கியது.

"இதென்ன முத்திருளா, பலக கொணம் மாறுது?" என்றான் கோனேரி.

"எல்லாச் செவரும் அப்படித்தாங்கய்யா. முப்பது வருசமா பூசுறேன். காலையில நல்லாருக்கும்பாங்க, சாயங்காலம் வந்து ஏன்டா மாத்திப் பூசினேன்னு ஏசுவாங்க. நான் வாயே தொறக்கிறதில்ல."

கோனேரியின் பார்வை பலகையைவிட்டுச் சுவருக்குப் போனது. நிறம் இன்னும் அடிக்காத சுவர் அது. கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டிப் பாகும் ஊற்றி அரைத்த சுண்ணாம்பை முத்திருளன் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து இழைத்திருந்தான். கருப்பட்டி ஊறிய சுண்ணாம்புக்குத் தனி நிறம் ஒன்று உண்டு. பாலாடைக்கு ஒரு படி மேலே, சந்தனத்துக்கு ஒரு படி கீழே. யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. மேலே எப்படியும் நிறம் அடிக்கத்தானே போகிறோம் என்று யாரும் அதைப் பார்க்கவும் இல்லை.

"முத்திருளா, இதுக்கு மேல ஒண்ணுமே பூசலேன்னா செவுரு தாங்குமா?"

"நூறு வருசம் தாங்கும். ஆனா பூசாம எப்படிங்கய்யா? வேலை செய்யாம கூலி வாங்கினா எனக்குத் தூக்கம் வராதே."

"வேலை இருக்கு. மிச்ச நாளெல்லாம் கல்லால தேய். மொகம் பாக்கணும் அதுல."

அன்று முதல் முத்திருளன் தினமும் துணி போட்டு மூடிய பானைகளைச் சுமந்து உள்ளே போவான். கதவு சாத்திக்கொள்ளும். கல் உரசும் சத்தம் மட்டும் வெளியே வரும். நரசப்பர் தோட்டத்தில் பூப் பறிக்கிறவர் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார். பானையில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சபையில் ஒப்புக்கொள்ளவும் அவருக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் ராஜா கேட்டபோது, "சாவித் துவாரம் வழியாக அடியேன் கண்ணால் பார்த்தேன் பிரபு, சந்தனம் பூசுகிறார்கள்" என்றார். நான்காம் நாள் ராணி கேட்டபோது, "அதன்மேல் பாலாடை பூசுகிறார்கள் தாயே, இதையும் என் கண்ணால் பார்த்தேன்" என்றார். சாவித் துவாரத்தைக் கோனேரி முதல் நாளே மெழுகால் அடைத்துவிட்டான் என்பது அவருக்குத் தெரியாது.

ஏழாம் நாள் காலை கோனேரி ராணியை அழைத்தான். மேற்குச் சன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. கிழக்குச் சன்னல்கள் வழியாகக் குளத்து வெளிச்சம் சுவரில் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. ராணி உள்ளே கால் வைத்தவுடன் நின்றுவிட்டார்.

"இது என் பாலாடை!" என்றார். "பார்த்தாயா கோனேரி, எவ்வளவு குளுமையாக இருக்கிறது! நான் சொன்னபோது யார் கேட்டார்கள்?"

கூடவே வந்திருந்த ராயசக்காரர் அதை ஓலையில் எழுதிக்கொண்டார்.

மாலையில் ராஜாவை அழைத்தான். இப்போது கிழக்குச் சன்னல்கள் சாத்தியிருந்தன. லாயத்துச் செங்கல்லில் பட்ட வெயில் மண்டபம் முழுவதும் நிறைந்திருந்தது. ராஜா சுவரைத் தடவிப் பார்த்தார். தம் முகம் அதில் மங்கலாகத் தெரிந்ததும் மீசையைச் சரிசெய்துகொண்டார்.

"இது நம் சந்தனம்! சந்தேகமே இல்லை. ராயசக்காரரே, எழுதும்."

எழுதியாயிற்று. கோனேரி அத்தோடு தப்பித்திருப்பான். ஆனால் ஜெயித்த மனிதரால் சும்மா இருக்க முடியாதே! எட்டாம் நாள் காலை பலகாரத்தின்போது ராஜா, "கடைசியில் என் சந்தனம்தானே ஜெயித்தது! நேற்று மாலை அதில் பார்த்துத்தான் மீசையைச் சரிசெய்துகொண்டேன்!" என்றார்.

ராணி இட்டிலியைக் கீழே வைத்தார். "எந்தச் சந்தனம்? மண்டபத்தில் இருப்பது என் பாலாடையல்லவா!"

பலகாரம் அப்படியே கிடந்தது. இருவரும் எழுந்து நேரே மண்டபத்துக்கு நடந்தார்கள். பின்னாலேயே சபை முழுவதும் நடந்தது. எல்லோருக்கும் முன்னால் நரசப்பர். கோனேரிக்கு ஆள் போயிற்று. அவன் வந்து சேர்ந்தபோது உச்சிவெயில். நரசப்பர் பத்துச் சன்னல்களையும் தம் கையாலேயே திறந்துவைத்திருந்தார்.

ராஜா சுவரைப் பார்த்தார். முந்தின நாள் மாலை பார்த்த செழுமை இல்லை. "இது பாலாடை!" என்று கத்தினார்.

ராணி சுவரைப் பார்த்தார். முந்தின நாள் காலை பார்த்த குளுமை இல்லை. "இது சந்தனம்!" என்று கத்தினார்.

இருவரும் ஒரே சமயத்தில் கோனேரி பக்கம் திரும்பினார்கள். இருபது வருடத்தில் அவர்கள் இவ்வளவு ஒற்றுமையாக ஒரு காரியம் செய்ததில்லை.

"மோசடி பிரபு! பெரிய மோசடி!" என்று நரசப்பர் முன்னால் வந்தார். "காலையில் பாலாடை பூசி மகாராணியாரை ஏமாற்றினான். மாலைக்குள் அதன்மேல் சந்தனம் பூசித் தங்களை ஏமாற்றினான். இப்போது இரண்டும் கலந்து இந்தக் கோலத்தில் நிற்கிறது. கலக்கக் கூடாது என்பது தங்கள் கட்டளை. பொழுது சாய இன்னும் பதினைந்து நாழிகை இருக்கிறது. வண்டி கட்டச் சொல்லட்டுமா?"

வீட்டில் காத்தாயிக்குக் காலையிலிருந்தே இடுப்பு வலி. மருத்துவச்சி வந்து உட்கார்ந்திருந்தாள். கோனேரி கைகூப்பிக்கொண்டு முன்னால் வந்தான்.

"மகாராஜா, பிரதானியார் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறார். அவரையே கேட்டுவிடலாம். ஐயா, இந்தச் சுவரில் எத்தனை பூச்சு இருக்கிறது?"

"குறைந்தது நான்கு" என்றார் நரசப்பர். "சந்தனம் இரண்டு, பாலாடை இரண்டு. சபையறியச் சொல்கிறேன்."

"முத்திருளா, கரண்டிய எடு. கதவுக்குப் பின்னால ஒரு விரல் அகலத்துக்குச் சுரண்டு."

முத்திருளன் தான் நாள்கணக்கில் தேய்த்த சுவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுச் சுரண்டினான். உள்ளேயும் அதே நிறம். இன்னும் ஆழமாகச் சுரண்டினான். அதே நிறம். செங்கல் தெரியும்வரை சுரண்டினான். வேறு நிறமே வரவில்லை.

"பூச்சு எங்கே?" என்றார் ராஜா.

"பூசவே இல்லை மகாராஜா" என்றான் கோனேரி. "முத்திருளன் சுமந்தது தேய்க்கத் தண்ணீர். தங்களுடைய நிறமும் மகாராணியாருடைய நிறமும் உக்கிராணக் கிடங்கில் முத்திரை உடையாமல் மூட்டையாகவே இருக்கின்றன. இது வெறும் சுவர்."



"வெறும் சுவரைக் காட்டியா எங்கள் இருவரையும் ஏமாற்றினாய்?" என்று ராஜா உறுமினார்.

"தங்கள் கட்டளை ஓலையை ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள் பிரபு."

ராயசக்காரர் படித்தார். நான்கு சுவரும் ஒரே நிறம். இருந்தது. கலக்கக் கூடாது. கலக்கவில்லை. பாதிப் பாதி கூடாது. இல்லை. மகாராணி தம் வாயால் சொல்ல வேண்டும். சொல்லியிருந்தார். மகாராஜா தம் வாயால் சொல்ல வேண்டும். சொல்லியிருந்தார். ராயசக்காரர் ஓலையைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"சுவருக்கு ஏதாவது பூச வேண்டும் என்று அதில் எங்கேயாவது இருக்கிறதா?" என்று கேட்டான் கோனேரி.

"இல்லை" என்றார் ராயசக்காரர். எழுதியவர் அவர்தான், அவருக்கே ஆச்சரியம்.

"அடியேன் ஒன்றும் செய்யவில்லை மகாராஜா. காலையில் கிழக்குச் சன்னலைத் திறந்தேன். மாலையில் மேற்குச் சன்னலைத் திறந்தேன். பாலாடை குளத்திலிருந்து வந்தது. சந்தனம் குதிரை லாயத்திலிருந்து வந்தது. இந்தச் சுவர் யார் வந்தாலும் அவரவர் கேட்டதைக் கொடுக்கிறது. இதன்மேல் எதைப் பூசினாலும், தங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் மண்டபம். பூசாமல் விட்டால் இருவருக்கும்."

முதலில் சிரித்தது ராணிதான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு பொத்தாமல் சிரித்தார். "நேற்று மாலை தாங்கள் குதிரை லாயத்தைப் பார்த்தா மீசையைச் சரிசெய்துகொண்டீர்கள்?" என்று ராஜாவைக் கேட்டார்.

ராஜா கோபமாக இருக்க முயன்றார். முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சபையும் சிரித்தது. நரசப்பர் ஓசைப்படாமல் கதவுப்பக்கம் நகர்ந்தார்.

"நில்லும் பிரதானியாரே!" என்றார் ராஜா. "இல்லாத நான்கு பூச்சைக் கண்ணால் பார்த்தவர் அல்லவா நீர்? இவ்வளவு கூர்மையான கண் வீணாகக் கூடாது. கல்யாணம் முடியும்வரை காலையில் கிழக்குச் சன்னலும் மாலையில் மேற்குச் சன்னலும் திறக்கும் பொறுப்பு உம்முடையது."

பிறகு கோனேரியைக் கூப்பிட்டார். "என்ன வேண்டும், கேள்."

"வீட்டுக்குப் போக உத்தரவு வேண்டும் பிரபு. உடனே வேண்டும்."

விஷயத்தைக் கேட்ட ராணி, தம் கையில் இருந்த இரண்டு தங்க வளையல்களைக் கழற்றிக் கொடுத்தார். ராஜா குளத்தங்கரையில் புதிதாகக் கட்டி முடித்திருந்த ஒரு வீட்டை அவனுக்கே எழுதிக்கொடுத்து, தம் சொந்தக் குதிரையில் அனுப்பிவைத்தார். கோனேரி குதிரையிலிருந்து குதித்து வாசலில் கால் வைத்தபோது, உள்ளே பிள்ளை அழும் சத்தம் கேட்டது. பெண் குழந்தை. அவனும் வாசலிலேயே உட்கார்ந்து அழுதான். விகடகவி அழுததை மருத்துவச்சி ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் மண்டபத்துக்குள் நுழைந்து சுற்றிப் பார்த்தார். "அடடா, எவ்வளவு அழகான நிறம்! இதற்கு என்ன பெயர்?" என்று கேட்டார்.

ராஜாவும் ராணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கோனேரி நிறம்" என்றார்கள் இருவரும் ஒன்றாக.

புது வீட்டுக்குக் குடிபோகும் நாள் வந்தது. கோனேரி முத்திருளனைக் கூட்டிவந்து, இழைத்த சுவரை மனைவிக்குக் காட்டி, இதற்குமேல் ஏன் எதுவும் பூச வேண்டாம் என்பதற்கு அரண்மனையில் சொன்ன காரணங்களையெல்லாம் வரிசையாகச் சொன்னான். காத்தாயி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாஞ் சரிதாங்க. எனக்குத் தேன் நெறந்தான் வேணும்" என்றாள்.

கோனேரி வேட்டியை மடித்துக் கட்டினான். அன்று சாயங்காலத்துக்குள் நான்கு சுவருக்கும் தேன் நிறம் அடித்து முடித்திருந்தான்.